மழையில்லாத வளையத்தில் மஞ்சள் குடை

ஜூன் 5

தம்பிக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. போனில் கேட்டால் சிரித்துச் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுத்திலேயே பதில் சொல். உன் எண் வந்தால் எடுக்க மாட்டேன்.

இந்த மாத இதழில் உன் கதை வந்ததும் எங்கள் கண்ணாடிக் கடையில் எல்லோரிடமும் காட்டிப் பீற்றிக்கொண்டேன். பவர் சரிபார்க்க வந்த ஒரு வாத்தியாரைக்கூட விடவில்லை. எழுத்து அட்டைக்குப் பதிலாக உன் கதையின் முதல் பக்கத்தைக் கையில் கொடுத்து, "இதைப் படிங்க சார், என் தம்பி எழுதுனது" என்றேன். கடை அடைத்ததும் நானும் உட்கார்ந்து படித்தேன். முடித்ததும் இதழை எடுத்துக் கைப்பைக்குள் ஒளித்துவைத்தேன்.

விண்வெளியில் சுற்றும் ஒரு நிலையம். அதில் மேல் வளையம், கீழ் வளையம். இரண்டுக்கும் நடுவே ஓடும் லிஃப்டைப் பழுது பார்க்கிறவனுக்குக் கீழே ஒரு மனைவி, மேலே ஒரு மனைவி. அவன் மேல்வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் கீழே இருப்பவள் அவன் வேலையில் இருப்பதாக நினைக்கிறாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவன் நகக்கண்ணைப் பார்க்கிறாள். கிரீஸ் இல்லை. லிஃப்டைப் பிரித்து மாட்டிவிட்டு வந்தவன் கை எப்படி இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று அவள் யோசிப்பதோடு கதை முடிகிறது.

உன் அத்தானும் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமானதிலிருந்து அவர் நகக்கண்ணில் கறுப்பு இல்லாமல் நான் பார்த்ததில்லை. ஜனவரியிலிருந்து சுத்தமாக இருக்கிறது. கேட்டதற்கு, "கம்பெனியில கையுறை குடுத்திருக்காங்க" என்றார். நம்பினேன். ஏப்ரலில் உன் அறைக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று இங்கே வந்து தங்கினாய். ஒருநாள் அவரோடு வேலையிடத்துக்குப் போனாய். திரும்பி வந்து இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டீர்கள். அப்போது எனக்கு உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது.

அங்கே என்ன பார்த்தாய்?

அக்கா


ஜூன் 13

அக்காவுக்கு,

கீழே டயர் கடைக்காரர்தான் உன் கடிதத்தை மாடிக்குக் கொண்டுவந்து தந்தார். உறையின் மேல் நீ அழுத்தி எழுதியிருந்த எழுத்தைப் பார்த்தே, "வீட்டுல ஏதும் பிரச்சனையா?" என்று கேட்டார். படித்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். சர்வே ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, அறிவியல் கதை எழுதி விற்றே வாழ்வேன் என்று கிளம்பியவன். கதை திரும்பி வந்தால் உட்கார்ந்து வருத்தப்படாமல் அன்றைக்கே வேறு உறையில் போட்டு அடுத்த பத்திரிகைக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். அப்படிச் சுற்றி ஒரு கதை முதலில் அனுப்பிய இடத்துக்கே மறுபடி போய்விட்டது. அவர்களும் மாற்றாமல் பழைய வரியையே எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அவர்களும் என்னைப் போலத்தான் போலிருக்கிறது.

கடைசியில் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சிவப்பு மை. "ராக்கெட் எல்லாம் நல்லாத்தான் பறக்குது. உள்ள யாரு இருக்கா? ஒருத்தன் வேலை முடிஞ்சு வந்து கை கழுவுறதை எழுதிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். அந்த நேரம் பார்த்து உன் வீட்டுக்கு வந்தேன். கை கழுவுகிறவர் கண் முன்னால் இருந்தார், பார்த்தேன். அத்தானோடு போனது லிஃப்ட் மோட்டார் அறை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான். மற்றதெல்லாம் கற்பனை அக்கா. எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான்.

சொல்ல மறந்துவிட்டேன். இந்த மெக்கானிக்கை வைத்தே, வந்த கதையையும் சேர்த்து மொத்தம் ஆறு கதை, ஆகஸ்டிலிருந்து மாதம் ஒன்றாக வேண்டும் என்று சிவப்பு மை கேட்டிருக்கிறார். எழுதுவதற்கு முன்பே என் கதை விலைபோவது இதுதான் முதல் தடவை. நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன்.

ஆமாம், அத்தான் இப்போதும் டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போகிறாரா? வீட்டுக்கு வந்ததும் பையை எங்கே வைப்பார்? சும்மாதான் கேட்டேன்.

தம்பி


ஜூன் 21

தம்பிக்கு,

பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். நான் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் பதிலைக் காணோம். யார் காதில் பூ சுற்றுகிறாய்?

மோட்டார் அறைக்குப் போனேன் என்கிறாய். அன்றைக்கு நீ போட்டுக்கொண்டு போனது வெள்ளைச் சட்டை. வெள்ளையாகவே திரும்பி வந்தது. துவைத்தவள் நான். அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தவன் முழங்கையில்கூடக் கறுப்பு ஒட்டாமல் வெளியே வர முடியாது என்று அவரே எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆக, நீங்கள் இரண்டு பேரும் போனது வேறு எங்கேயோ.

சும்மா கேட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நீ சும்மா எதையும் கேட்கிறவன் இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டாயே என்று அவர் குளிக்கப் போன நேரத்தில் பையைத் திறந்து பார்த்தேன். ஸ்பானர்கள் எல்லாம் கடையில் வாங்கி வந்தது போலப் பளபளவென்று இருக்கின்றன. துடைக்கிற துணி மடித்த மடிப்புக் கலையாமல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு குடை. மஞ்சள் நிறம், பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளும் சின்னக் குடை. என்னுடையது இல்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் சொல்வார், அதை நம்ப வேண்டியிருக்கும். இப்போதெல்லாம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் கண் அவர் விரலுக்குப் போய்விடுகிறது. கண்கொத்திப் பாம்பாக ஒரு மனிதரைப் பார்த்துக்கொண்டே அவருக்குச் சாப்பாடு பரிமாறுவது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது தெரியுமா? எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

தெரிந்ததைச் சொல்லிவிடு.

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

பையை இனிமேல் திறக்காதே. நான் கேட்டது தப்பு.

அத்தானுக்கு வேறு எந்தப் பெண்ணோடும் எந்தச் சங்காத்தமும் கிடையாது. நம் அம்மா மேல் சத்தியமாகச் சொல்கிறேன். எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதே, என்னால் சொல்ல முடியாது. குடையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. வேலையிடத்தில் யாரோ மறந்துவிட்டுப் போனதாக இருக்கும்.

இங்கே ஒரே நெருக்கடி. இரண்டாவது கதையைக் கொடுத்துவிட்டேன். சிவப்பு மை படித்துவிட்டு ஒரு இடத்தில்கூடக் கோடு போடவில்லை. "இப்பத்தான் நீங்க எழுத ஆரம்பிச்சிருக்கீங்க" என்றார். வெளியே வந்து படிக்கட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உறை மேல் உறையாக ஒட்டிக்கொண்டிருந்தேன்.

நீ ஆகஸ்ட் இதழை வாங்க வேண்டாம். நானே பிறகு ஒரு பிரதி அனுப்புகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 6

தம்பிக்கு,

வாங்காதே என்றால் வாங்குவேன் என்று உனக்குத் தெரியாதா? இதழ் கடைக்கு வந்த அன்றே வாங்கிவிட்டேன்.

கீழ் வளையத்தில் மழை கிடையாது. மேல் வளையத்தில் மட்டும் தோட்டங்களுக்காகச் செயற்கை மழை பெய்ய விடுகிறார்கள். கீழே இருக்கும் மனைவி புருஷனின் டூல் பையைத் திறக்கிறாள். அடியில் ஒரு மஞ்சள் குடை. மழையே இல்லாத இடத்தில் வாழ்கிறவளுக்கு அது என்ன பொருள் என்றே முதலில் புரியவில்லை. விரித்துப் பார்க்கிறாள், உள்ளே இன்னும் ஈரம். நல்ல கதைதான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

ஏன் தெரியுமா? அவர் பையில் குடையே கிடையாது. மஞ்சளும் கிடையாது, சின்னதும் கிடையாது. நான் இட்டுக்கட்டி எழுதினேன். நான் நெஞ்சு வெந்து எழுதுவதை நீ என்ன செய்கிறாய் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தெரிந்துகொண்டேன். அக்கா அழுகிறாளே என்று நீ ஓடி வருவாய் என்றுகூட ஒரு பக்கம் நினைத்தேன். நீ பேனாவைத் திறந்திருக்கிறாய். அடிமடியிலேயே கை வைத்துவிட்டாய் தம்பி.

ஸ்பானர் பளபளப்பது மட்டும் நிஜம். துணி மடிப்புக் கலையாததும் நிஜம். வேறு பெண் இல்லை என்று அம்மா மேல் சத்தியம் செய்திருக்கிறாய். எதுவுமே தெரியாதவன் சத்தியம் செய்ய மாட்டான். உனக்கு ஏதோ தெரியும். தெரிந்துகொண்டே என்னைச் சுடச்சுட வேகவிட்டு, வேகும் வாசனையை எழுதி விற்றிருக்கிறாய்.

எங்கள் கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரு அறை காலியாக இருக்கிறது. முதலாளியம்மாவிடம் கேட்டுவிட்டேன், சாவி இப்போது என் பையில் இருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் உன்னிடமிருந்து உண்மை வராவிட்டால் என் துணிமணியை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். அவரிடம் காரணம் சொல்ல மாட்டேன். உன் கதையைப் படித்துக்கொள்ளட்டும்.

அக்கா


ஆகஸ்ட் 12

அக்காவுக்கு,

போகாதே. தயவுசெய்து போகாதே. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரியில் அத்தான் ஒரு கட்டடத்தில் லிஃப்டின் கூரை மேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நிறுத்தி வைத்திருந்த லிஃப்ட் தானாக ஒரு மாடி இறங்கி நின்றிருக்கிறது. அவருக்கு ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. ஆனால் மறுநாள் லிஃப்ட் ஓடும் அந்தச் சுரங்கம் போன்ற இடத்துக்குள் கால் வைக்கப் போனால் கால் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மேனேஜர் நல்லவர், வீட்டுக்கு அனுப்பாமல் கீழே புகார் அறையில் உட்கார வைத்துவிட்டார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து கூப்பிட்டால், ஆள் போய்ச் சேரும் வரை போனில் அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஏப்ரலில் நான் பார்த்தது அந்த அறையைத்தான். ஒரு மேசை, இரண்டு போன், மூலையில் அவருடைய டூல் பை. உனக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத் தினமும் அதைச் சுமந்துகொண்டு போய்த் திரும்பக் கொண்டுவருகிறார்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாத மாப்ள. பயந்தாங்கொள்ளியக் கட்டிக்கிட்டோம்னு நெனப்பா" என்றார். சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

இங்கேதான் என் புத்தி பேதலித்தது. அந்தச் சுத்தமான கையை எழுதாமல் இருக்க முடியவில்லை. பயத்தை எழுதினால் வாக்கு மீறியதாகிவிடும். எங்கள் தொழிலில் தெரிந்த மனிதரை எழுதும்போது காரணத்தை மாற்றிவிடுவது வழக்கம், பிறகு யாராலும் அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்தேன். அவர் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு தபால் பெட்டியில் போட்டேன். அதைப் படிக்கப்போவது நீ என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எவ்வளவு கெட்டிக்காரன் பார்.

ஜூனிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். வாக்குக் கொடுத்தது ஒரு காரணம். நீ சந்தேகப்பட்டு எழுதிய கடிதத்தில் நான் எழுத வேண்டிய அடுத்த கதை அப்படியே இருந்தது இன்னொரு காரணம். முதல் காரணத்தைச் சொல்லிச் சொல்லியே இரண்டாவதை என்னிடமிருந்தே மறைத்துக்கொண்டேன்.

நம்பாவிட்டால் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவர் ஆபீஸ் பின்பக்கம் போய்ப் பார். புகார் அறை ஜன்னல் சந்துப் பக்கம் திறந்திருக்கும். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்றாவது கதை அச்சுக்குப் போய்விட்டது. "அந்தப் பொண்ணு எத்தனை கதைக்குத்தான் நகத்தைப் பாத்துக்கிட்டே இருப்பா? அவளுக்கும் ஒரு ரகசியம் குடுங்க" என்றார் சிவப்பு மை. கொடுத்துவிட்டேன். நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன், முடியாது என்றுவிட்டார்கள். செப்டம்பர் இதழ் அத்தான் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

தம்பி


செப்டம்பர் 3

தம்பிக்கு,

போய்ப் பார்த்தேன். கடையில் பல் வலி என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமை மத்தியானம் கிளம்பினேன். நீ சொன்ன ஜன்னல் திறந்துதான் இருந்தது. அவர் முதுகு மட்டும் தெரிந்தது. மூலையில் பை.

யாரோ ஒரு அம்மா லிஃப்டில் மாட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார் போலிருக்கிறது. இவர் குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டிருந்தார். "கதவை இழுக்காதீங்கம்மா. ஆளு கிளம்பிட்டான். நான் போனை வைக்க மாட்டேன், நீங்களும் வைக்காதீங்க. பயமாத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான், இன்னும் போகல. இருந்தாலும் பாருங்க, பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்." இதைத்தான் சொன்னார். ஜனவரியிலிருந்து என்னிடம் சொல்லாததை முகம் தெரியாத ஒரு அம்மாவிடம் சர்வசாதாரணமாகச் சொல்கிறார். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அந்த அம்மா மேல் பொறாமையாகவும் இருந்தது. சந்தில் நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்து எதையும் காட்டிக்கொள்ளவில்லை. கடை மேல் அறைச் சாவியை மறுநாளே திருப்பிக் கொடுத்தேன். அவராகச் சொல்லும் வரை காத்திருப்பது என்று முடிவு செய்தேன். அவர் கையைப் பார்ப்பதை நிறுத்தினேன். பரிமாறும்போது முகத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தேன்.

அதுதான் வினையாகிவிட்டது. மூன்று மாதமாகச் சிடுசிடுத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரித்தால் எந்தப் புருஷனுக்குத்தான் சந்தேகம் வராது? அந்த வியாழக்கிழமை என்னவோ கேட்பதற்காக அவர் எங்கள் கடைக்குப் போன் செய்திருக்கிறார். பல் வலி என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பல் வலியே இல்லை என்பது அவருக்குத் தெரியும். இந்த நேரம் பார்த்து உன் செப்டம்பர் இதழ். நீ அனுப்பாவிட்டால் என்ன, அவர் ஆபீஸிலேயே வாங்குகிறார்களாம். முதல் கதையிலிருந்தே படித்துக்கொண்டுதான் வருகிறாராம். என்னிடம் மூச்சு விடவில்லை.

நேற்று சாயங்காலம் இதழை மடித்து என் முன்னால் வைத்தார். நீ அந்தப் பெண்ணுக்கு லென்ஸ் கடையில் வேலை கொடுத்திருக்கிறாய். கடையில் பொய் சொல்லிவிட்டு அவள் இன்னொரு வளையத்தில் யாரையோ பார்க்கப் போகிறாள். "உன் தம்பிக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். ஜூனில் நான் உன்னிடம் கேட்டேனே, அந்தக் குரல். அவர் முகத்தைப் பார்த்ததும்தான், இத்தனை மாதம் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

"வியாழக்கிழமை எங்க போன?"

"உங்க ஆபீஸ் ஜன்னல் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன்" என்றேன்.

அவர் இதழைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "அவன் சொல்லிட்டானா?" என்றார்.

"இல்ல, கதையில படிச்சேன்" என்றேன்.

"கதையில ரெண்டு வீடுதானே இருக்கு?"

"அது நம்ம வீடு இல்லைன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

உனக்காகப் பொய் சொன்னேன். வாக்கை நீ காப்பாற்றியதாகவே அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும். ஆனால் உனக்காக இதற்கு மேல் என்னால் எதுவும் முடியாது.

அப்புறம் அவர் பேச ஆரம்பித்தார். டீ ஆறி ஆடை படிந்தும் பேசிக்கொண்டிருந்தார். லிஃப்ட் தானாக இறங்கியதை நீ போன கடிதத்தில் ஒரே வரியில் எழுதியிருந்தாய். அந்த ஒரு மாடி இறங்குவதற்குள் இருட்டில் அவர் என்ன செய்தார், யாரைக் கூப்பிட்டார், நின்ற பிறகு என்ன நடந்தது என்று முழுவதும் சொன்னார். அதில் ஒன்று அவர் வெளியே சொல்லவே கூசுவது. மேனேஜரிடம் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட்டு என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டார்.

இன்னும் மூன்று கதை பாக்கி என்று எனக்குத் தெரியும். எழுது, நீ முன்னுக்கு வர வேண்டும் என்று இப்போதும் ஆசைதான். வீட்டுக்கும் வா, சாப்பாடு போடுகிறேன். ஆனால் அவர் சொன்னது என்ன என்று கேட்காதே. நேரிலும் சொல்ல மாட்டேன், இந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன்.

அக்கா